பழைய கேம் திரும்ப ஆடிப் பாத்தவங்க வாங்க, தாங்குச்சா இல்லையா சொல்லுங்க

பழைய கேம்னு பேச்செடுத்தாலே "அதெல்லாம் ஒரு காலம்டா"ன்னு போயிடும், எனக்கு அது வேணாம் மக்களே. சமீபத்துல திரும்ப இன்ஸ்டால் பண்ணி ஆடுனப்ப அந்த கேம் தாங்குச்சா, இல்ல பாதியிலயே மூடிட்டீங்களா, ஏன், அத மட்டும் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

இப்ப ராத்திரி சாப்பாடு முடிஞ்சா பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தான். 1989ல ஜோர்டன் மெக்னர் கிட்டத்தட்ட தனியாளா ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு பண்ணது, நம்மாளுங்க பாதிப் பேரு பாத்தது அப்புறம் வந்த டாஸ் (பழைய பிசி) வெர்ஷன். தம்பிய ஓட வச்சு குதிக்க வச்சு வீடியோ எடுத்து அத ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து வரைஞ்சிருக்காரு, அதனால அந்த வெள்ள டிரஸ்காரன் ஓட்டத்துல நிக்கும்போது சறுக்கி நிக்கிறதும், விளிம்புல தொங்கி முழங்கால ஊனி மேல ஏறுறதும் இன்னைக்கும் பாக்க அசலா இருக்கு. அவன் மூஞ்சியில கண்ணு மூக்கு கூட சரியா கெடையாது, இருந்தும் நடையிலயே உயிர் இருக்கு.

மொதல்ல கை ஒத்துக்காது, அது உண்மை. இப்ப வர்ற கேம்ல பட்டன் அழுத்துன நொடி ஆள் திரும்பிடுவான், அந்தரத்துல கூட திருப்பலாம், இதுல ஓடுனா ஓடுனது தான், குதிச்சா குதிச்சது தான், நடுவுல மனச மாத்த முடியாது. ஆனா கொஞ்ச நேரம் விடாம ஆடுனா கை தானா கணக்கு பிடிச்சுக்கும். ஷிஃப்ட் பட்டன பிடிச்சுக்கிட்டு அடி அடியா போனா விளிம்புல வந்து நிப்பான், தரையில இருந்து குத்துற கம்பிக்கு நடுவுல கூட அப்டி மெதுவா நடந்து தப்பிக்கலாம். ஒரு மாடி விழுந்தா ஒண்ணும் ஆகாது, ரெண்டு மாடின்னா ஒரு ஹெல்த் போகும், மூணு மாடின்னா ஆளு காலி. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, நின்ன எடத்துலயே எம்பிக் குதிச்சுப் பாருங்க, கிட்டத்துல எந்தக் கல்லு லூஸோ அது மட்டும் கடகடன்னு ஆடும். எங்க கால வைக்கக்கூடாதுன்னு கேமே காட்டிக் கொடுக்குது, கேக்கத் தெரிஞ்சா போதும்.

அங்க தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. பழைய கேம் நிக்கிறதும் விழுறதும் க்ராபிக்ஸால இல்ல, செத்தா ஏன் செத்தோம்னு நமக்குத் தெரியணும், அவ்ளோ தான். பிரின்ஸ்ல ஒவ்வொரு சாவுக்கும் காரணம் திரையிலயே இருக்கு, அதனால 60 நிமிஷத்துக்குள்ள இளவரசிய காப்பாத்தணும்ங்கற கெடுவும் கொடுமையா தெரியல. செத்தா லெவல் மொதல்லேந்து வரும், ஓடுன நேரம் திரும்ப வராது, ஆனா அதே லெவல மறுபடி ஆடுறப்ப பாதி நேரத்துல தாண்டிடுறோம்.

குறையே இல்லையான்னா இருக்கு. எட்டாவது லெவல்ல கேட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு சும்மா நிக்கணும், இளவரசி அனுப்புற எலி வந்து பட்டன மிதிச்சு கேட்ட தொறந்து விடும், இது தெரியாதவன் கேம் தொங்கிடுச்சுன்னு நெனச்சு ஆஃப் பண்ணிடுவான். கடைசிப் பக்கம் வெட்டவெளியில கால வைக்கணும், வச்சா தான் தரை வருது, அதுக்கும் ஒரு துப்பும் கெடையாது. ஆனா அதுக்கு முன்னாடி வர்ற நிழல் ஆளு சீன் இருக்கே! கண்ணாடிய உடைச்சு குதிச்சப்ப நம்மகிட்டேந்து பிரிஞ்சு போன நிழலு, அவன வெட்டுனா நமக்குத் தான் அடி விழுது, வாள உறையில போட்டுட்டு நேரா அவன் மேல ஓடுனா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுறாங்க. மெமரியில இன்னொரு வில்லன வரைய எடம் இல்லாம தான் ஹீரோவோட படத்தையே நிழலா மாத்திப் போட்டாராம். அந்த எடத்துல எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

ஜிடிஏ வைஸ் சிட்டி தான் ஏமாத்திடுச்சு, சொல்லவே கஷ்டமா இருக்கு. 2002 கேம், பிசிக்கு அடுத்த வருஷம் வந்துச்சு. ஊரு இன்னும் ஜோர் தான், சாயங்கால ஆரஞ்சு வெளிச்சம், நியான் போர்டு, கார்ல ஏறுன ஒடனே ரேடியோ, மிஷனே எடுக்காம சும்மா சுத்துனா இன்னைக்கும் மணிக்கணக்கா ஓட்டலாம். மிஷன் எடுத்தா தான் வலி. தண்ணியில விழுந்தா நம்ம ஹீரோ டாமி செத்துடுவான், செத்தா வாங்குன துப்பாக்கி எல்லாம் போச்சு. கட்டிட்டு இருக்குற பில்டிங்ல ரிமோட் ஹெலிகாப்டர் வச்சு நாலு பாம் போடுற மிஷன எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், டைமர் ஒரு பக்கம் ஓடுது, ஹெலிகாப்டர் செவுத்துல லேசா ஒரசுனாலும் எங்கயோ தூக்கி அடிக்குது, எதனால தோத்தோம்னே தெரியல. மூடிட்டேன்.

* * *

அண்ணா அந்த "ஏன் செத்தோம்" பாயிண்ட் டூம் ரைடருக்கு அப்படியே பொருந்தும். 1996ல வந்த மொத பார்ட்ட 2024 பிப்ரவரியில மொத மூணு பார்ட்டும் சேத்து ரீமாஸ்டர் பண்ணி விட்டாங்கல்ல, அதுல தான் ஆடுனேன். அதுல மாடர்ன் கன்ட்ரோல்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, ஸ்டிக்க எந்தப் பக்கம் தள்றமோ ஹீரோயின் லாரா அந்தப் பக்கம் ஓடும், ஆஹான்னு அத போட்டு ஆரம்பிச்சேன், ரெண்டாவது மூணாவது குகையிலயே தாவுறது ஒண்ணும் சரியா விழல.

விஷயம் என்னன்னா அந்த கேம் முழுக்க சதுரம் சதுரமா கட்டுனது. ஓடி வந்து தாவுனா ரெண்டு சதுர இடைவெளிய தாண்டலாம், விளிம்புல நின்னுக்கிட்டு பின்னாடி ஒரு துள்ளு துள்ளுனா ஓடித் தாவுறதுக்கு கரெக்டா எடம் கெடைக்கும். பழைய டேங்க் கன்ட்ரோல்ல (நின்ன எடத்துல திரும்பி, அப்புறம் நேரா போறது) போட்டா இந்தக் கணக்கு அப்படியே வேலை செய்யுது, மாடர்ன்ல லாரா கோணலா நிக்கிறா, கணக்கு தப்பிடுது. பழசுக்கு மாத்துனதுக்கு அப்புறம் நாலு மாடி ஆழம் கீழ தெரிஞ்சாலும் பயமே இல்ல, எண்ணிட்டு தாவுறேன். செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலின்னு ஒரு லெவல், நடுவுல கெணறு கணக்கா இறங்கிட்டே போகும், அத நிதானமா இறங்குனது இந்த வருஷம் ஆடுனதுலயே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொண்ணு, ஒரு பட்டன்ல புது க்ராபிக்ஸ் பழைய க்ராபிக்ஸ் மாத்திக்கலாம். புதுசுல வெளிச்சம் அழகு, ஆனா சில குகையில ஒரே இருட்டா இருக்கு, லீவர் எங்க இருக்குன்னே தெரியாது, பழசுக்கு தட்டுனா பளிச்சுன்னு நிக்குது. நான் இப்ப ரசிக்கிறதுக்கு புதுசு, தேடுறதுக்கு பழசுன்னு வச்சிருக்கேன்.

கேமராவ மட்டும் மன்னிக்க முடியாது. செவுத்தோரம் போனா லாராவோட தலைக்குள்ள பூந்துடுது.

* * *

ஊரக் கட்டி படை திரட்டி சண்ட போடுற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பத்தி ஒருத்தரும் சொல்லலையே. மொத பார்ட்டு (1997) மேல எனக்கு உசுரு, ஆனா அந்த ஒரிஜினல இப்ப ஆட முடியல. வில்லேஜர் (வேலையாள்) ஒவ்வொருத்தனா கிளிக் பண்ணி எடுக்கணும், வரிசையில போட்டு வைக்க முடியாது, மொத்தம் 50 பேருக்கு மேல ஏறாது, யானைய அனுப்புனா மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல போய் சிக்கிக்கும், அப்ப சண்டையில தோத்தா அது என் தோல்வியா யானையோட தோல்வியா?

ரெண்டாவது பார்ட்டு (1999) வேற ரகம். அது எப்டி சாகாம இருக்குன்னு வயல ஒண்ண வச்சே சொல்லலாம். மொதல்ல வந்தப்ப வயல் விளைஞ்சு முடிஞ்சா நாமளே போய் திரும்ப போடணும், சண்டை மும்முரத்துல மறந்தா பஞ்சம் தான். 2000ல கான்கரர்ஸ்னு கூடுதல் பேக் வந்தப்ப மில்லுல முன்கூட்டியே மரத்த கட்டி வரிசையில வைக்கலாம்னு ஆச்சு. 2019 டெஃபினிட்டிவ் எடிஷன்ல மரம் கையிருப்பு இருந்தா தானாவே போட்டுக்குது. விளையாட்டோட எலும்பு அப்படியே இருக்கு, வெட்டி வேலைய மட்டும் எடுத்துட்டே வந்திருக்காங்க, இத தான் நான் ஒழுங்கான புதுப்பிப்புன்னு சொல்லுவேன்.

2022ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு இன்னொரு கூடுதல் பேக் வந்துச்சு பாருங்க, அதுல திராவிடர்னு ஒரு தனி நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு ஒரு கேம்பெய்ன். வில்லேஜர கிளிக் பண்ணா தமிழ்ல பதில் சொல்றான், மொத தடவ கேட்டப்ப நான் வேலைய விட்டுட்டு அவனையே திரும்பத் திரும்ப கிளிக் பண்ணிட்டு இருந்தேன். நைட்டுங்கற (Knight) கவசக் குதிரைவீரன் கெடையாது, அதுக்குப் பதிலா உருமி (சுருள் வாள்) வீச்சுக்காரன், திரிசடைன்னு ஒரு பெரிய கப்பல், எதிராளியோட கவசத்த கண்டுக்காம வெட்டுற வூட்ஸ் எஃகு. குதிரைப் பழக்கத்துல ஆடுறவங்க இதுல திணறுவாங்க, காலாளையும் கப்பலையும் நம்பி ஆடணும்.

* * *

ஜி உங்க "ஏன் செத்தோம்னு தெரியணும்" ரூல் எனக்கு முழுசா ஒப்பல. ரோட் ராஷ் பைக் ரேஸ் (அந்த 1996 பிசி வெர்ஷன்) எடுத்துக்கோங்க, எதிர்ல வர்ற கார் மேட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது, தெரியுறப்ப பைக்கு ஆகாசத்துல பறக்குது. உங்க கணக்குப்படி அது அநியாயம். ஆனா பக்கத்துல வர்றவன ஒரு உதை விட்டு எதிர்ல வர்ற வண்டியில தள்ளுற அந்த சுகத்த எந்த கேமும் இன்னும் எனக்குக் குடுக்கல. விழுந்தா எழுந்து பைக்க நோக்கி ஓடுறோம், பின்னாடி போலீஸ் வர்றான், நெஞ்சு அடிச்சுக்குது, இதுக்கு மேல என்ன வேணும்? புது விண்டோஸ்ல நேரா ஓடாது, பேட்ச் தேடித் தான் போடணும், அதுக்கு மெனக்கெடலாம்னு தான் சொல்லுவேன்.

* * *

மொதல்ல பேச்செடுத்தவன் தான் திரும்ப வந்திருக்கேன். ரோட் ராஷ் சொன்னவருக்கு: அதுல விழுந்தா ரெண்டு செகண்ட்ல திரும்ப பைக்குல இருக்கோம், அதனால வலிக்கல. வைஸ் சிட்டியில செத்தா துப்பாக்கி போகுது, திரும்ப ஊரச் சுத்தி ஓட்டிட்டு வரணும். அப்ப சாவுக்கு எவ்ளோ தண்டனைங்கறதையும் சேத்துக்கணும், அத நான் ஒத்துக்கிறேன்.

பிரின்ஸ் எப்டி ஆடுறதுன்னு தனியா கேட்டவங்களுக்கு, எஸ்டிஎல்பாப்னு தேடுங்க, டாஸ் வெர்ஷன இப்ப உள்ள சிஸ்டத்துல நேரா ஓட வைக்கிற ஓப்பன் சோர்ஸ் வேலை. மொத தடவ ஆடுறவங்க கடிகாரத்த பாக்காதீங்க, மொத ரெண்டு லெவல் எல்லா ரூமும் சுத்தி எந்தக் கல்லு ஆடுதுன்னு பாத்துட்டு அப்புறமா புதுசா ஆரம்பிங்க.