சீம் கல்லாஸ்: மத்திய வங்கியிலிருந்து அமைச்சரவைக்குப் போனது எப்படி?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிவிவகாரப் பொறுப்பில் இருக்கும் காயா கல்லாஸைப் பற்றித் தேடியபோது, அவருடைய அப்பா சீம் கல்லாஸும் எஸ்தோனியப் பிரதமராக இருந்தவர், அதற்கு முன் மத்திய வங்கியின் தலைவர் என்று தெரிந்தது. நிதி, வெளிவிவகாரம் இரண்டுக்கும் அமைச்சராக இருந்திருக்கிறார். அவர் செய்ததில் முக்கியமானது எது?

கொட்டாஞ்சேனை ஓய்வூதியர்:
மகள், அமைச்சுப் பதவிகளை விட்டுவிட்டு முதலில் 1991 முதல் 1995 வரை அவர் மத்திய வங்கியில் செய்ததைப் படியுங்கள். நான் கோட்டையில் ஒரு வங்கியின் நாணயமாற்றுப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்த வருடங்களைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது.

சோவியத் ஒன்றியத்திடமிருந்து சுதந்திரம் கிடைத்த பிறகும் எஸ்தோனியாவில் சோவியத் நாணயமான ரூபிள்தான் புழங்கியது. 1992 ஜூன் 20ஆம் திகதி அவர்களுடைய சொந்த நாணயமான குரோன் வந்தது. 10 ரூபிளுக்கு 1 குரோன், அதுவும் ஒருவருக்கு 1500 ரூபிள் வரைதான். குரோனை ஜேர்மன் மார்க்கோடு கட்டினார்கள்: 8 குரோன், 1 மார்க். கையிருப்பில் தங்கமோ வெளிநாட்டு நாணயமோ இருந்தால்தான் அதற்கு ஈடாக நோட்டு அடிக்கலாம். அரசாங்கம் கேட்டாலும் மத்திய வங்கி கடன் கொடுக்க முடியாது. மதிப்பைக் குறைக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. கரன்சி போர்ட் முறை என்பது இதுதான். இலங்கையிலும் 1884 முதல் 1950இல் மத்திய வங்கி வரும்வரை இந்த முறைதான் இருந்தது.

அப்புறம்தான் அரசியல். 1994இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார். 1995இல் வெளிவிவகார அமைச்சர், 1999இல் நிதி அமைச்சர், 2002இல் பிரதமர். நிதி அமைச்சராக வந்தபோது, தான் போட்ட பூட்டு தன்னையும் கட்டுப்படுத்தும் என்று தெரிந்துதான் வந்தார். பணம் அடித்துச் செலவு செய்ய வழியில்லை, வரியைத்தான் மாற்ற முடியும். 2000ஆம் ஆண்டு முதல், கம்பனிகள் இலாபத்தைப் பங்கிடாமல் தொழிலிலேயே வைத்திருந்தால் அதற்கு வரி இல்லை என்றானது அந்த அரசாங்கத்தில்தான். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது இங்கே சம்பளக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால், அந்தப் பூட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தெஹிவளைக்காரன்:
ஐயா, அந்தப் பூட்டுக்கு ஒரு விலையும் உண்டு. 2009இல் எஸ்தோனியப் பொருளாதாரம் ஏறத்தாழ 14 சதவீதம் சுருங்கியது. நாணயத்தின் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்க முடியாததால் சம்பளத்திலும் அரசாங்கச் செலவிலும் கைவைத்தார்கள். தங்கச்சி விடை எழுதும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஓய்வூதியர்:
சரி தம்பி, மறுக்கவில்லை. வேலை இழந்தவர்களுக்கு அது கொடுமையான காலம். ஆனாலும் அந்த விகிதத்தை அவர்கள் அசைக்கவில்லை. 2011இல் யூரோவுக்கு மாறியபோது 1 யூரோவுக்கு 15.6466 குரோன். ஒரு யூரோ 1.95583 மார்க். அதை எட்டால் பெருக்கிப் பாருங்கள், 1992இல் வைத்த அதே கணக்குதான் வரும்.

வெள்ளவத்தை மாணவி:
பெருக்கிப் பார்த்தேன் ஐயா, அப்படியே வருகிறது! மத்திய வங்கிக்கு முன் அவர் என்ன செய்தார்?

கொட்டாஞ்சேனை ஓய்வூதியர்:
கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், பத்திரிகையொன்றின் துணை ஆசிரியர், பிறகு தொழிற்சங்கத் தலைவர். 1987இல், சோவியத் ஆட்சி இருக்கும்போதே, எஸ்தோனியா தன் பொருளாதாரத்தைத் தானே நடத்த வேண்டும் என்று நான்கு பேர் பத்திரிகையில் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். அதில் இவரும் ஒருவர், எட்கர் சாவிசாரும் ஒருவர். பிறகு இருவரும் வெவ்வேறு கட்சிகளின் தலைவர்கள். 2002இல் கல்லாஸ் பிரதமரானது சாவிசாரின் கட்சியோடு கூட்டுச் சேர்ந்துதான்.