‘வடிவமைப்புச் சிந்தனை’க்கு மாற்றாக ‘வகுநெறி’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மக்களின் தேவையை நேரில் அறிந்து, தீர்வுகளைச் செய்து பார்த்துத் திருத்திச் சிக்கல்களுக்கு வழி காணும் முறையான ‘டிசைன் திங்கிங்’ என்பதற்கு ‘வடிவமைப்புச் சிந்தனை’ போதும், அது புழக்கத்துக்கு வந்துவிட்டது என்று இவ்விழையில் சொல்லப்பட்ட கருத்தையே சென்ற மாதம் வரை நானும் கொண்டிருந்தேன். பம்ப் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர்களுக்காக நான் எழுதிய பயிற்சிக் கையேட்டின் அட்டையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. முதல் நாள் வகுப்பு தொடங்கும் முன்பே ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் எழுந்து, “எனக்குப் படம் வரைய வராதுங்களே, நான் இருக்கணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. ‘வடிவம்’ என்ற சொல் முன்னே நிற்கும்போது கோடும் வண்ணமும் உருவமுமே மனத்தில் எழும்.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969இல் இத்துறைக்கு அடித்தளமிட்டபோது, இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி தேடுகிற எவரும் செய்வது டிசைன்தான் என்னும் பொருள்பட எழுதினார். மருத்துவரும் மேலாளரும் அதில் அடங்குவர். கட்டடக் கலையைச் சார்ந்து 1987இல் பீட்டர் ரோ இப்பெயரிலேயே நூல் எழுதினார். ஐடியோ என்னும் டிசைன் நிறுவனத்தின் டிம் பிரவுன் 2008இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மேலாண்மை வகுப்புகளில் அது பெரிதும் பரவியது. ஆகவே நாம் பெயரிட வேண்டியது வடிவத்துக்கன்று, வழி காணும் முறைக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. 2007இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் குழு ஒன்றுக்கு, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மலிவாகச் செய்யும் பணி தரப்பட்டது. குழுவில் ஒருவர் நேபாளம் சென்று பார்த்தபோது, நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகளோ மருத்துவமனையை எட்ட முடியாத, மின்சாரத்தை நம்ப முடியாத சிற்றூர்களில் பிறந்துகொண்டிருந்தன. கருவியின் விலையை மட்டும் குறைத்திருந்தால் இன்னும் சில கருவிகள் வெறுமையாகக் கிடந்திருக்கும், அவ்வளவுதான். அவர்கள் கேள்வியையே மாற்றி, உருகி உறையும் மெழுகு போன்ற பொருளால் 37 பாகை வெப்பத்தைச் சில மணி நேரம் காக்கும் சிறு உறக்கப்பை ஒன்றை உருவாக்கினார்கள். இதில் வடிவமைப்பு கடைசியில் வந்தது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லத் தமிழில் ‘வகுத்தல்’ இருக்கிறது: திட்டம் வகுக்கிறோம், வியூகம் வகுக்கிறோம், பாதை வகுக்கிறோம். எனவே ‘வகுநெறி’ என்னும் வினைத்தொகையை முன்வைக்கிறேன். வகுநெறிப் பயிற்சி, வகுநெறித் திறன், வகுநெறியாளர் என்று அது தடையின்றிக் கிளைக்கும். வகுத்தல் கணக்குப் பாடத்துக்குரிய சொல்லாயிற்றே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘வியூகம் வகுத்தார்’ என்று படிக்கும்போது யாரும் ஈவையும் மீதியையும் நினைப்பதில்லை. ‘மென்பொருள்’ போன்ற நேர்ப்பெயர்ப்புகள் நிலைத்ததை மறுக்கவில்லை; அங்கே எதிரே நின்று குழப்பும் பழம்பொருள் ஏதும் இல்லை.

பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இம்முறையின் படிகளில் முதலாவதான எம்பதிக்குரிய சொல். பிறர் நிலையை அவர் இடத்திலிருந்து உணர்வதே அப்படி. அதற்கு ‘ஒத்துணர்வு’ என்று எழுதினால், பிறர் துன்பத்துக்கு இருக்கையில் அமர்ந்தபடியே இரங்குவது போலத் தொனிக்கிறது. அதே தொழிற்சாலையில், சரக்கு வரவுப் பதிவேட்டில் வண்டி எண்கள் தவறாக ஏறுவது ஏன் என்பதைப் பயிற்சிக் கணக்காக எடுத்துக்கொண்டோம். வாயிற்காவலருக்குக் கவனம் போதாது என்றே எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை வாயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். பதிவேடு அறைக்குள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. லாரியோ இருபது அடி தள்ளி நின்றது. காவலர் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார், வியர்வையில் கடைசி இலக்கம் கலைந்திருந்தது. இப்படி நேரில் போய்ப் பட்டு அறிவதற்குத் தொல்காப்பியம் மரபியலில் ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்று தொடுபுலனுக்குச் சொன்ன ‘உற்றறிதல்’ இருக்கும்போது வேறு எங்கே தேட வேண்டும்?

மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்கலை வரையறுத்தல், எண்ணம் பெருக்குதல் ஆகிய இரண்டிலும் எனக்குச் சிக்கலில்லை. தீர்வை முதலில் எளிதாகச் செய்து பார்க்கும் புரோட்டோடைப்புக்கு ‘முன்மாதிரி’ வேண்டாம். பின்பற்றத் தக்க ஆசிரியரையும் ஊராட்சியையும் அப்படித்தான் சொல்கிறோம், இதுவோ உடைத்துத் திருத்துவதற்காகவே செய்வது. ‘பரும்படி மாதிரி’ என்றால் அட்டையும் பசைநாடாவும் போதும் என்பது சொல்லிலேயே தெரியும். டெஸ்ட் என்பதற்குத் தேர் முதல் ரயில் வரை ஓட்டிப் பார்த்த ‘வெள்ளோட்டம்’ கைவசம் இருக்கிறது.

யூசர் என்பதில்தான் தடுமாறுகிறேன். நாம் தரப்போகும் தீர்வை அந்தக் காவலர் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை என்பதால் ‘பயனர்’ பொருந்தவில்லை. ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ (குறள் 949) என்று நோயை அடைந்தவனை நோய்க்கும் முன்னே வைக்கிறார் வள்ளுவர். அதைக் கொண்டு ‘உற்றவர்’ என எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள் உறவினர் என்று கொண்டார்கள். இப்போதைக்குக் கையேட்டில் ‘பயனர்’ என்றே விட்டிருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் யாரேனும் வேறு சொல் தந்தால் மாற்றிக்கொள்கிறேன்.