விக்டோரியா ரூபாயில் மேடான கோடுகள்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். உசிலம்பட்டியில் எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் 1862ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் மூன்று கிடைத்தன. அதிகம் தேயாத ஒன்றில் மட்டும், முகத்துக்கு முன்னால் மயிரிழைபோல ஏழெட்டுக் கோடுகள். எடை 11.6 கிராம், உரிய 11.66க்கு மிக அருகில்தான். நகத்தால் தடவினால் கோடுகள் பள்ளமாக இல்லை, மேடாக இருக்கின்றன. எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடுகின்றன. ராணியின் கன்னத்தில் ஒன்றுகூட ஏறவில்லை. கீறலென்றால் பள்ளமாகத்தானே இருக்கும்?

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். "உருக்கிவிடலாம்" என்றார் கடைக்காரர். மனம் ஒப்பவில்லை, அப்பத்தா கடைசிவரை இடுப்பில் வைத்திருந்த காசு.

காசு அடிக்கும் அச்சை மெருகேற்றும்போது அதில் விழுந்த கீறல்களே காசில் மேடாகப் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அச்சு விரிசலென்றால் எழுத்தையும் தாண்டி ஓடுமே! புளி போட்டு விளக்கச் சொல்கிறார் அம்மா, நான் தொடவிடவில்லை. இதே கோடுகள் உள்ள காசு வைத்திருப்பவர்கள், சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள்.