மரத்தடி நிழலில் சைக்லமென்: ஈசூனில் முடியுமா, இங்கிலாந்தில் எது நடலாம்?

ஈசூன் கொடி (கேள்வி):
வணக்கம். இரண்டு சந்தேகம்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய சைக்லமென் பூச்செடித் தொட்டி சிங்கப்பூர் ஈசூனில் என் வீவக (அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. காலை வெயில் மட்டும் படும். மூன்று வாரமாகிறது. வெளி இலைகள் மஞ்சளாகின்றன, மொட்டு விரியாமலே கருகுகிறது. கிழங்கை எடுத்து சமூகத் தோட்டத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நட்டால் பிழைக்குமா?

அடுத்தது, மகள் வீடு தென் இங்கிலாந்தில். கொல்லையில் இரண்டு பீச் மரம் (beech, பழம் தரும் peach அல்ல), அடியில் புல்கூட நிற்பதில்லை. அங்கே வசந்தத்தில் பூக்கிற சைக்லமென் வேண்டும். செப்டம்பரில் போகிறேன். காய்ந்த கிழங்கு மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கச் சொல்லட்டுமா?

கிழங்குப் பைத்தியம்:
அக்கா, மகள் வீட்டுக்கு முதலில் சொல்கிறேன், அதுதான் நடக்கிற காரியம்.

காய்ந்த கிழங்கு வேண்டாம். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது பாதி உயிரோடுதான் வரும். முளைத்தாலும் ஒரு பருவம் வீண். தொட்டியில் வேரோடு இருக்கும் செடியாகக் கேளுங்கள்.

வசந்த வகையில் இரண்டு. சைக்லமென் கோவும் (coum) ஜனவரி முதல் மார்ச் வரை பூக்கும், கடுங்குளிர் தாங்கும், தொடங்குவதற்கு இதுதான் நல்லது. ரெபாண்டம் (repandum) ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும், வாசனை உண்டு. ஆனால் இத்தாலி, கோர்சிகா பக்கத்துச் செடி. குளிர்க்காற்று நேராக அடித்தால் இலை தீய்ந்துவிடும். அதை மரத்தின் காற்று மறைவான பக்கம் வையுங்கள். ரெபாண்டம் தொட்டிச் செடியை மார்ச், ஏப்ரலில், இலையோடு பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு. ஆகவே செப்டம்பரில் கோவும், வசந்தத்தில் மகளே ரெபாண்டம் நடட்டும்.

பீச் மரத்தடியில் பயப்பட வேண்டாம். மரம் மொட்டையாக நிற்கும்போது இந்தச் செடி இலை விட்டு வெளிச்சம் வாங்கிக்கொள்ளும். மரம் தழைத்து நிழல் கட்டும்போது கிழங்கு உறங்கப் போய்விடும். கோடையில் வேர்கள் மண்ணை உறிஞ்சிக் காயவைப்பதுகூடக் கிழங்குக்குச் சாதகம்.

நடும் முறை: பெரிய வேரை வெட்டாமல், இடுக்குகளில் கைமண்வெட்டியால் குழி எடுங்கள். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு இலைமட்கும் ஒரு பிடி பருமணலும் கலக்க வேண்டும். கோவும் கிழங்கின் மேல் 3 முதல் 5 செ.மீ. மண், ரெபாண்டத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழம். செடிக்குச் செடி 15 செ.மீ. இந்த இரண்டுக்கும் வேர் அடிப்பக்கம்தான் வரும். இலையுதிர் காலத்தில் பூக்கும் ஹெடரிஃபோலியத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் வேர் வரும். அதனால்தான் பலர் அதைத் தலைகீழாக நட்டுவிடுகிறார்கள். அதைக் கோவும் பக்கத்தில் சேர்க்காதீர்கள், இலைகள் மூடிச் சின்னதை அமுக்கிவிடும். அணில் தோண்டினால் முதல் குளிர்காலம் மட்டும் கம்பிவலை விரித்து மண் போடுங்கள்.

பூ முடிந்ததும் காம்பு சுருண்டு காயை மண்ணுக்கு இழுத்துக்கொள்ளும். வெட்டிவிடாதீர்கள். விதையைச் சுற்றியுள்ள இனிப்புக்காக எறும்புகள் தூக்கிப் போய்ப் பரப்பும். கோடையில் அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டால் சில ஆண்டுகளில் தானாகப் பரவும்.

மட்குக் கூடை:
ஈசூன் தொட்டிக்கு நான். கடைகளில் வருவது சைக்லமென் பெர்சிகம் என்ற இன்னொரு வகையின் கலப்பினம். அதற்குப் பிடித்தது 10 முதல் 18 டிகிரி. இங்கே விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 24க்குக் கீழே இறங்காது. இலை மஞ்சளாவது, சூடு வந்துவிட்டது என்று நினைத்துச் செடி உறக்கத்துக்குப் போவதால். இலை குறையக் குறைய உறிஞ்சும் நீரும் குறையும். நாம் அதே அளவு ஊற்றுவோம், கிழங்கு அழுகும்.

இப்போது கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பரவாயில்லை. கொழகொழத்து நாற்றம் அடித்தால் பாக்டீரியா அழுகல், தொட்டியோடு கட்டி எறியுங்கள். காம்படியில் சாம்பல் பூஞ்சை என்றால் காற்றோட்டம் போதவில்லை. பட்ட இலை, பூக் காம்புகளைக் கத்தரிக்காமல் முறுக்கி அடியோடு பிடுங்குங்கள். மிச்சம் விட்ட துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும்.

ஏர்கான் அறையில் ஜன்னலோரம், காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்தால் மிச்ச மொட்டுகள் விரியலாம். தட்டில் நீர் ஊற்றி 20 நிமிடம் கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள், கிழங்குக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவும் வராது.

தூங்குமூஞ்சி மரத்தடி வேண்டாம். மழை வந்தால் அந்த மரம் இலையை மூடிக்கொள்ளும், தண்ணீர் நேரே கீழே இறங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100 மி.மீ. மழை பெய்யும் ஊரில் உறங்கும் கிழங்குக்கு வறண்ட மாதங்கள் எங்கே கிடைக்கும்?

ஈசூன் கொடி:
நன்றி. கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால்? துலிப்புக்கு அப்படிச் செய்கிறார்களே.

மட்குக் கூடை:
துலிப்புக்குக் குளிர் பட்டால்தான் பூ வரும், அதனால் ஃபிரிட்ஜ் உதவும். இதன் உறக்கம் சூட்டிலும் வறட்சியிலும் வருவது. குளிரத் தொடங்கினால் விழிக்கும், ஆனால் அதன்பிறகும் மாதக்கணக்கில் குளிர் வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 31 டிகிரியில் வைத்தால் மறுபடி படுத்துவிடும். பூங்கொத்துக்குப் பதில் வாங்கிய தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், மனசு கேட்கும்.

தாழ்வாரத் தோட்டம்:
மரத்தடிக்கு அதே தோற்றம் வேண்டுமென்றால் மயில் இஞ்சி நடுங்கள், கெம்ஃபேரியா புல்க்ரா. தரையோடு படியும் இலையில் வெள்ளி வரி, ஊதாப் பூ. ஒரு பூ ஒரு நாள்தான், ஆனால் தொடர்ந்து வரும். கிழங்கை 3 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். வறண்ட நாள்களில் இலை மறைந்தால் செத்துவிட்டதென்று தோண்டாதீர்கள். நத்தை மட்டும் விடாது, மழை இரவில் டார்ச்சோடு பொறுக்க வேண்டும்.

கிழங்குப் பைத்தியம்:
இன்னொன்று அக்கா, திரும்பும்போது பெட்டியில் சைக்லமென் கிழங்கு போட்டு வராதீர்கள். இந்தப் பேரினம் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; உறங்கும் கிழங்குக்கு அனுமதியும் செடி நலச் சான்றிதழும் வேண்டும். மகள் வீட்டில் பூனை, நாய் இருந்தாலும் கவனம், கிழங்கில் சப்போனின் நஞ்சு உண்டு.