நாம்சேயிலிருந்து தெங்போச்சே: 427 மீட்டர் ஏற ஒரு முழு நாளா?

கேள்வி:
அக்டோபர் கடைசியில் நானும் கணவரும் நேபாளத்தில் எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதிக்கு நடைபயணம் போகிறோம். எனக்கு 52 வயது. இறக்கத்தில் வலது முழங்கால் கொஞ்சம் படுத்தும். நாம்சே பஜார் 3,440 மீட்டர், தெங்போச்சே 3,867 மீட்டர். வித்தியாசம் 427 மீட்டர்தான். ஆனால் எல்லோரும் ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். வழியில் அப்படி என்ன இருக்கிறது? அன்றைக்கே அதைத் தாண்டி இருக்கும் பாங்போச்சே ஊர் வரை போய்விடலாமா?

பதில் 1:
நடுவில் ஆறு இருக்கிறது, அதுதான் விஷயம். தெங்போச்சேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 2:
அக்கா, இந்தப் பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை நானும் இதே 427-ஐ நம்பித்தான் கிளம்பினேன்.

நாம்சேயை விட்டதும் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும். எதிரே அமா தப்லாம் சிகரம், கீழே ஆழத்தில் தூத் கோசி ஆறு. சுகமான நடை. கியாங்ஜுமா என்ற சிற்றூரைத் தாண்டியதும் பாதை சரசரவென்று கீழே இறங்கும். ஆற்றங்கரையில் இருக்கும் புங்கி தெங்கா சுமார் 3,250 மீட்டர். கிளம்பிய நாம்சேயைவிடத் தாழ்வு! தொங்கு பாலத்தைக் கடந்த பிறகு, இறங்கியதையும் சேர்த்து 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உங்கள் முழங்காலுக்குச் சோதனை ஆற்றுக்கு இறங்கும் அந்த இடம்தான். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். புங்கி தெங்காவில் சாப்பிடுங்கள், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அந்த ஏற்றத்தில் கால் வைக்காதீர்கள்.

அந்த ஏற்றத்தை எப்படி ஏறுவது என்று எனக்குக் காட்டியவர் ஒரு சுமைக்காரர். நெற்றியில் சுமையைத் தாங்கும் நாம்லோ பட்டை, முதுகில் டோக்கோ கூடை. இருபது அடி வைப்பார். கையிலிருக்கும் குட்டைக் கட்டையைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே பாரத்தை அதன்மேல் இறக்குவார். உதட்டைக் குவித்து ஒரு நீள மூச்சு. மறுபடி இருபது அடி. நான் இரண்டு முறை அவரை முந்திப்போய், இரண்டு முறையும் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். அவர் உட்காரவே இல்லை. என்னைத் தாண்டும்போது "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார். மெதுவாக என்று அர்த்தம். அப்புறம் அவர் பின்னாலேயே, அவர் நின்றால் நின்று, தெங்போச்சே மடாலய வாசல் வரை ஏறினேன். அவ்வளவு பாரத்தைச் சுமக்கிறவர் நமக்காக ஒரு சொல் செலவழிக்கிறார். இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.

சுமை மாடுகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. பாலத்தில் அவை வந்துகொண்டிருந்தால் கடந்து முடிக்கும்வரை காத்திருங்கள்.

பாங்போச்சே வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தித் தூங்கக்கூடாது என்பார்கள். கணக்குப்படி பாங்போச்சே அந்த எல்லையை ஒட்டியே வரும், அதோடு களைத்த உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதோடு தெங்போச்சேயில் ஒரு சாயங்காலம் இருக்க வேண்டும் அக்கா. 1916-ல் எழுப்பிய மடாலயம். 1934 நிலநடுக்கத்தில் இடிந்தது, 1989-ல் தீயில் எரிந்தது, இரண்டு முறையும் திரும்பக் கட்டினார்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிட்டால் வருத்தப்படாதீர்கள். விடியற்காலையில் எழுந்து வெளியே வாருங்கள், எவரெஸ்டும் லோட்சே சிகரமும் திறந்து கிடக்கும். அங்கே அறை கிடைக்காவிட்டால் காட்டு வழியே சற்றுக் கீழே இறங்கினால் தேபோச்சே என்ற சிற்றூர், அங்கே தங்கலாம்.

உயரத்துக்கு உடம்பு பழக நாம்சேயில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்புங்கள். அன்று காலை தலைவலி இருந்தால் போகாதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி. பாங்போச்சேயை விட்டுவிட்டோம். திரும்பும்போது இறக்கம்தானே, சீக்கிரம் வந்துவிடலாமா?

பதில் 2:
அங்கேயும் அதே ஆறுதான் அக்கா. 600 மீட்டர் ஒரே மூச்சில் இறக்கம், பிறகு பாலத்திலிருந்து கியாங்ஜுமாவுக்குச் சுமார் 300 மீட்டர் ஏற்றம். முழங்கால் பட்டையை அன்றைக்குக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.