உதவி தேவை: எழுதிய தேர்வுக்கும் ‘வரவில்லை’ என்று பதிவாகியிருக்கிறது (லியோன், பரிமாற்றப் பருவம்)

கேள்வி: கோவை மாணவி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இளங்கலைப் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், எங்கள் கல்லூரியின் பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் 2025 செப்டம்பர் முதல் பிரான்ஸின் லியோன் நகரில் ஒரு பருவம் படித்து வருகிறேன். நேற்று இணையத்தில் தற்காலிக மதிப்பெண்கள் வெளியாயின. மேக்ரோ பொருளாதாரப் பாடத்தில் தொடர் மதிப்பீட்டுக் கட்டத்தில் ‘ஏ.பி.ஐ.’ என்றும், பாடத்தின் முடிவாக ‘டி.இ.எஃப்.’ என்றும் இருக்கிறது. இதற்கு 6 கிரெடிட்டுகள். பருவத்துக்கு வேண்டிய 30 கிரெடிட்டுகளில் இது குறைந்தால் எங்கள் கல்லூரி இந்தப் பருவத்தை ஏற்காது.

டி.டி. எனப்படும் சிறு குழு வகுப்பில் இரண்டு தேர்வுகள் நடந்தன. அக்டோபர் 13 அன்று நடந்ததை எழுதினேன். திருத்திய தாள் என்னிடமே இருக்கிறது. நவம்பர் 17 அன்று கடும் காய்ச்சலால் போக இயலவில்லை. மறுநாள்தான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது; அவர் தந்த சான்றிதழில் 18ஆம் தேதியே உள்ளது. அதை அன்றே அலுவலகத்துக்கு அனுப்பினேன். தேதி ஒரு நாள் தள்ளியிருப்பதால் சான்றிதழை நிராகரித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் திரும்பப் போய்த் தேதியை மாற்றித் தரும்படி கேட்கலாமா? ஜனவரி 29 அன்று தேர்வுக் குழு கூடுகிறது. பிப்ரவரி 2 அன்று நான் ஊருக்குப் புறப்படுகிறேன்.

பதில் 1: வில்லர்பான்வாசி

முதலில், மருத்துவரிடம் தேதியை மாற்றக் கேட்காதீர்கள். முன்தேதியிட்ட சான்றிதழ் கொடுப்பது பிரான்ஸில் மருத்துவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. நீங்கள் கேட்டதே உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும். முந்தைய நாளிலிருந்தே காய்ச்சல் இருந்ததாக நோயாளி கூறுகிறார் என்று ஒரு வரி எழுதித் தரும்படி வேண்டுமானால் கேட்கலாம். அது அவரால் முடியும்.

அடுத்து, அந்த இரு சுருக்கங்கள். ‘ஏ.பி.ஐ.’ என்றால் காரணம் காட்டாத வருகையின்மை. காரணம் ஏற்கப்பட்டிருந்தால் ‘ஏ.பி.ஜே.’ என்று இருக்கும். ‘டி.இ.எஃப்.’ என்பது ‘தெஃபாயான்’, அதாவது தேர்வுக்கு வராதவர், என்பதன் சுருக்கம். நம்மூரில் தேர்வுக்குப் போகாவிட்டால் அது பூஜ்யத்துக்குச் சமம் என்று நினைத்துப் பழகிவிட்டோம், ஆனால் இங்கே பூஜ்யம் எவ்வளவோ மேல். பூஜ்யம் பெற்றவருக்குக் கூடச் சராசரி கணக்கிடப்படும், மற்றப் பாடங்களின் மதிப்பெண் அதை ஈடுசெய்து 20க்கு 10 என்ற தேர்ச்சிக் கோட்டைத் தொடவும் இடமுண்டு. ‘தெஃபாயான்’ என்று பதிந்துவிட்டால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சராசரியையே கணக்கிட மாட்டார்கள். ஆகவே இதை அப்படியே விடக் கூடாது. இரண்டாம் வாய்ப்புத் தேர்வு பெரும்பாலும் ஜூனில்தான் வரும், அப்போது நீங்கள் கோவையில் இருப்பீர்கள்.

பதில் 2: டி.டி. எடுத்தவன்

முனைவர் பட்ட ஆய்வின்போது இரண்டு ஆண்டுகள் லியோனில் டி.டி. வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சிக்கல் சான்றிதழில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நவம்பர் தேர்வு மட்டும் நிராகரிக்கப்பட்டிருந்தால், அக்டோபர் தேர்வின் மதிப்பெண் எங்காவது தெரிய வேண்டுமே? கட்டம் முழுவதும் ‘ஏ.பி.ஐ.’ என்றால், மதிப்பெண் பதிந்த ஆசிரியரின் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும், அவரிடம் உங்கள் தாள் ஒன்றுகூட இல்லை என்று பொருள்.

உங்களிடம் மூன்று கேள்விகள். எந்த டி.டி. குழுவில் அமர்ந்தீர்கள்? உங்கள் பாடப் பதிவுப் படிவத்தில் எந்தக் குழு எண் இருக்கிறது? வாரந்தோறும் கையெழுத்திட்ட வருகைத் தாளில் உங்கள் பெயர் அச்சில் இருந்ததா?

கேள்வி கேட்டவர்: கோவை மாணவி

ஐயா, மூன்றாவது கேள்வியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. படிவத்தில் இருப்பது குழு 2. நான் பருவம் முழுவதும் அமர்ந்தது குழு 4இல். குழு 2இன் நேரம் என் பிரெஞ்சு மொழி வகுப்போடு மோதியதால், இரண்டாம் வாரமே குழு 4இன் ஆசிரியரிடம் கேட்டேன், அவரும் சிரித்தபடியே ‘பிரச்சினை இல்லை’ என்றார். வருகைத் தாளில் என் பெயர் ஒருநாளும் அச்சில் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் கடைசிப் பெயருக்குக் கீழே நானே பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன். பரிமாற்ற மாணவர் எல்லாருக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன்.

பதில் 3: டி.டி. எடுத்தவன்

அதுதான் காரணம். இங்கே சேர்க்கை இரண்டு அடுக்காக நடக்கிறது: கட்டணம், அடையாள அட்டை சார்ந்த நிர்வாகப் பதிவு ஒன்று, எந்தப் பாடம், எந்தக் குழு என்பதைச் சொல்லும் பாடப் பதிவு மற்றொன்று. ஆசிரியர் வாயால் சொன்ன சம்மதம் இரண்டாவது பதிவை மாற்றாது. குழு 2இன் ஆசிரியர் தம் பட்டியலில் இருந்த உங்களை ஒருநாளும் பார்த்ததில்லை, எனவே வரவில்லை என்று பதிந்தார். குழு 4இன் ஆசிரியரிடம் உங்கள் மதிப்பெண் இருந்தும், அதை உள்ளிட அவருடைய திரையில் உங்கள் பெயருக்கு வரியே இல்லை. அவர் அப்போதே அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், ஆனால் அந்த வழக்கை இப்போது நடத்த வேண்டாம்.

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். குழு 4 ஆசிரியரை முதல் பெறுநராகவும், ஸ்கொலாரித்தே எனப்படும் மாணவர் பதிவு அலுவலகத்தையும் பரிமாற்ற ஒருங்கிணைப்பாளரையும் நகலிலும் வையுங்கள். பொருள் வரியில் ‘எரெர் மதெரியெல்’, அதாவது பதிவுப் பிழை, என்ற சொற்கள் இருக்கட்டும். மதிப்பெண் வழங்குவதில் தேர்வுக் குழுவின் தீர்ப்பே முடிவானது, அதை எதிர்த்து வாதாட முடியாது. ஆனால் பதிவுப் பிழை என்றால் திருத்தியே ஆக வேண்டும் என்பதால் கடிதத்தின் கதியே மாறிவிடும். காய்ச்சல் கதையை முதல் பத்தியில் கொண்டுவராதீர்கள். மாணவர் எண், இரு குழு எண்கள், அக்டோபர் தாளின் படம் ஆகியவை முதலில் வரட்டும். நவம்பர் தேர்வையும் சான்றிதழையும் தனிப் பத்தியில் சொல்லுங்கள்.

அனுப்புவதற்குமுன், உங்கள் துறையின் மதிப்பீட்டு விதிகள் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். கல்வியாண்டின் முதல் மாதம் முடிவதற்குள் அந்த விதிகளை வகுத்துவிட வேண்டும், ஆண்டின் நடுவில் மாற்றக் கூடாது என்பது பிரெஞ்சுக் கல்விச் சட்டம். காரணம் ஏற்கப்பட்ட வருகையின்மைக்கு மாற்றுத் தேர்வா, அல்லது அந்தத் தேர்வை விட்டுவிட்டுச் சராசரியா என்பது அதில் இருக்கும். அந்த வரியின் பக்க எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பதில் 4: புதுவை மாணவன்

சகோதரி, திருத்தம் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. பிரான்ஸில் 12 எடுத்தாலே ‘ஓரளவு நன்று’, 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. நம் கல்லூரியில் 11ஐ ஐந்தால் பெருக்கி 55 விழுக்காடு என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலோடு மதிப்பீட்டு முறையை விளக்கும் தாளையும் பரிமாற்ற அலுவலகத்திடமிருந்து கேட்டு வாங்குங்கள். இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள் என்பதையும் மறவாதீர்கள். என் பட்டியலில் ‘12,5’ என்று இருந்ததை எங்கள் கல்லூரி எழுத்தர் இரண்டு பாடங்களின் மதிப்பெண்களாக எண்ணி, ஐந்து எந்தப் பாடத்துக்கு என்று கேட்டார்.

கேள்வி கேட்டவர்: கோவை மாணவி

அனைவருக்கும் நன்றி. குழு 4 ஆசிரியர் மறுநாளே ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்: ‘மாணவி என் குழுவில்தான் இருந்தார், மதிப்பெண்ணை இணைத்துள்ளேன்.’ அலுவலகம் நான்கு நாள் மௌனமாக இருந்தது, நேரில் போன பிறகே பட்டியலை மாற்றினார்கள். சான்றிதழின் தேதியை அங்கே யாரும் பெரிதுபடுத்தவில்லை. நவம்பர் தேர்வு ‘ஏ.பி.ஜே.’ ஆகி, விதிகளின்படி கணக்கிலிருந்து விடப்பட்டது. தொடர் மதிப்பீடு 12,5, இறுதித் தேர்வு 9, இரண்டுக்கும் சம எடை என்பதால் 10,75. தேர்ச்சி பெற்றுவிட்டேன். முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் தேர்வுக் குழு கூடிய பிறகே கிடைக்குமாம், அதனால் 30ஆம் தேதி காலையில் வந்து இரண்டு அசல்களை வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.