விரல் சூப்பும் மகள், சூப்பான் கேட்கும் மகன்: பற்கள் என்னவாகும்?

கேள்வி:
என் மகளுக்கு மூன்றரை வயது. உறங்கப்போகும்போதும், எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கட்டைவிரல் தானாகவே வாய்க்குப் போய்விடுகிறது. பற்களைச் சேர்த்துக் கடிக்கும்போது மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்திருப்பதை நேற்றுதான் கவனித்தேன்; மனம் கலங்கிவிட்டது. எட்டு மாத மகனோ சூப்பான் (குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) இல்லாமல் உறங்குவதில்லை, அதைத் தேனில் தொட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில் 1:
முதலில் தேனைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் கடுமையான நச்சுநோய் வரக்கூடும். இனிப்புத் தோய்ந்த சூப்பான் முளைக்கும் பற்களையும் சொத்தையாக்கும். வெறும் சூப்பானை உறங்கும் நேரத்தில் கொடுப்பதில் இந்த வயதில் தவறில்லை. குழந்தைகள் உறக்கத்தில் திடீரென இறக்கும் அபாயத்தை அது குறைப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று வயதுக்குள் நிறுத்திவிட வேண்டும்.

மகளைப் பொறுத்தவரை, விரல் வாயில் இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்துடன் இருக்கிறது என்பதே முக்கியம். விரல் மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது. நாக்கு கீழே இறங்கிவிடுவதால் அண்ணத்துக்கு உட்புறத் தாங்கல் இல்லாமல் போக, உறிஞ்சும் கன்னத்தசைகள் மேல்தாடையை இருபுறமும் நெருக்கி ஒடுங்கச் செய்கின்றன. ஏறத்தாழ ஆறு வயதில் நிரந்தர முன்பற்கள் முளைக்கும் முன் பழக்கம் நின்றால், முன்பற்களின் இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். ஒடுங்கிய தாடையும் கடைவாய்ப் பற்களின் குறுக்குக்கடியும் (கடிக்கும்போது மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமைவது) அவ்வளவு எளிதில் சரியாவதில்லை என்பதால், ஒருமுறை குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 2:
என் மகன் நான்கு வயதுவரை விரல் சூப்பினான். கசப்பு மருந்து தடவினேன், பலர் முன்னிலையில் கண்டித்தேன். பயந்த பிள்ளை போர்வைக்குள் ஒளிந்துகொண்டு சூப்பினான். இன்றும் அதை நினைத்தால் வருந்துகிறேன். பிறகு, விரல் சூப்பாத ஒவ்வோர் இரவுக்கும் நாட்காட்டியில் அவனே ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொள்ளலாம் என்றோம். அவன் கேட்டதன்பேரில் இரவில் கைக்கு மெல்லிய பருத்திக் காலுறையும் மாட்டிவிட்டோம். பகலில் சில வாரங்களிலும், உறக்கத்தில் சில மாதங்களிலும் நின்றது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தேன் பேச்சை இன்றோடு நிறுத்திவிட்டேன். மகளைத் திட்டாமல், நாட்காட்டியை அவள் கையிலேயே கொடுத்துத் தொடங்குகிறேன். பல் மருத்துவரிடமும் இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன்.